இடாப்பில் இல்லாத மனிதர்

2024ஆம் ஆண்டு செப்டெம்பர் 21ஆம் நாள் நடைபெற்ற ஜனாதிபதித் தேர்தலின்போது, திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த பாடசாலையொன்றில் அமைந்த வாக்களிப்பு நிலையத்தில் நானும் ஓர் உத்தியோகத்தனாகக் கடமையாற்றினேன். ஆசிரியர்களாகிய எங்களுக்கு இஃது ஆண்டுதோறும் வரும் பரீட்சைக் கடமையைப் போன்றதே. காலை 7 மணிக்குக் கதவு திறக்கிறது. மாலை 4 மணிக்கு மூடப்படுகிறது. இடையில் வருகின்றவருடைய அடையாள அட்டையைப் பார்ப்பதும், இடாப்பில் இலக்கத்தைத் தேடுவதும், பெயரை உரக்க வாசிப்பதும், விரலில் மை பூசுவதும் எவ்விதத் திறமையும் வேண்டாத வேலைகள். நண்பகலுக்குச் சற்று முன்பு நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி வந்தார். கையில் அடையாள அட்டை இருந்தது. முகமும் படமும் ஒத்திருந்தன. பெயர் மாத்திரம் இடாப்பில் இல்லை.

மூன்று முறை தேடினோம். இல்லை. எட்டு ஆண்டுகளில் நான்கு வாடகை வீடுகள் மாறியதாகவும், பழைய இடத்தில் பெயரை வெட்டிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதாகவும், இப்போதிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் படிவத்தில் வாடகைக்காரரின் பெயரை எழுத ஒப்பவில்லை என்றும் அவர் சொன்னார். பிற்காலத்தில் வீட்டுக்கு உரிமை கோரிவிடுவார்களோ என்ற அச்சம் வீட்டுக்காரருக்கு. “நான் இந்த ஊரிலேதானே பிறந்தனான், சேர்” என்றார். அதனை மறுப்பார் அங்கு எவருமிலர். கட்சி முகவர்களாக அமர்ந்திருந்த மூவரில் இருவர் அவரை நேரில் அறிந்தவர்கள். ஆயினும் சட்டப்படி எங்களால் செய்யக்கூடியது எதுவுமில்லை. அவர் திரும்பிச் சென்றார்.

சட்டத்தில் ஒரு வேடிக்கை உண்டு. ஒருவருடைய பெயரால் வேறொருவர் முன்னரே வாக்களித்துச் சென்றுவிட்டால், உண்மையான வாக்காளர் வந்து நிற்கும்போது அவருக்குத் தனியான ஒரு வாக்குச்சீட்டு வழங்கப்படும்; அது வேறாக வைக்கப்படும். பெயர் களவுபோனவனுக்கு ஒரு வழியுண்டு. பெயரே எழுதப்படாதவனுக்கு வழியில்லை.

உலகில் எங்கும் இப்படித்தானா என்று கேட்டால், இல்லை. அமெரிக்க ஐக்கிய நாட்டின் மெயின் மாநிலம் 1973ஆம் ஆண்டில், தேர்தல் நாளிலேயே வந்து பெயரைப் பதிந்து வாக்களிக்கலாம் என்று சட்டஞ் செய்தது. மினசோட்டாவில் அம்முறை 1974ஆம் ஆண்டிலும், விஸ்கொன்சினில் 1976ஆம் ஆண்டிலும் நடைமுறைக்கு வந்தது. வட டக்கோட்டா மாநிலமோ 1951ஆம் ஆண்டிலேயே பதிவு முறையை அடியோடு நீக்கிவிட்டது. அங்கே வாக்காளர் பதிவு என்ற ஒன்றே கிடையாது. கனடாவிலும் கூட்டாட்சித் தேர்தலன்று வாக்களிப்பு நிலையத்திலேயே பதியலாம். இவற்றுள் என் மனத்தைக் கவர்ந்தது மினசோட்டாவின் ஓர் ஏற்பாடு. கையில் முகவரிச் சான்று இல்லாதவருக்காக, அதே வட்டாரத்தில் ஏற்கெனவே பதிவுபெற்ற அயலவர் ஒருவர் சத்தியம் செய்து சாட்சி சொல்லலாம். அந்தச் சாட்சியே போதுமானது. அன்று நம்முடைய நிலையத்தில் அந்தப் பெண்மணியை அறிந்த இரு முகவர்களும் வாய்மூடி இருக்க நேர்ந்ததை எண்ணிப் பார்க்கிறேன்.

நமது நாட்டின் இடாப்புக்கு ஒரு வரலாறு உண்டு. அதனை அறியாமல் அந்தப் பெண்மணியின் இடரை விளங்கிக்கொள்ள முடியாது.

1924ஆம் ஆண்டுச் சட்டசபைத் தேர்தலில் இலங்கை முழுவதிலும் வாக்குரிமை பெற்றிருந்தவர்கள் ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர். சொத்தும் வருமானமும் எழுத்தறிவும் உடைய ஆண்கள் மட்டுமே அவர்கள். டொனமூர் ஆணைக்குழுவினர் 1927ஆம் ஆண்டின் இறுதியில் வந்து விசாரித்து, 1928இல் அறிக்கை தந்தனர். 1931இல் இருபத்தொரு வயது நிரம்பிய ஆண் பெண் அனைவர்க்கும் வாக்குரிமை கிடைத்தது. பிரித்தானியப் பெண்கள் ஆண்களோடு ஒத்த வாக்குரிமையைப் பெற்று மூன்றே ஆண்டுகள் கழிந்திருந்தன. இடாப்பிலுள்ள பெயர்கள் ஒரே தாவலில் பதினைந்து இலட்சத்தைக் கடந்தன. எழுதப் படிக்கத் தெரியாத பெருந்தொகையினருக்காக வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம் ஒதுக்கப்பட்டது. வட பகுதியில் யாழ்ப்பாண வாலிப காங்கிரசின் அழைப்பினால் நான்கு தொகுதிகள் அத்தேர்தலைப் புறக்கணித்தன, கிழக்கு வாக்களித்தது.

“அனைவர்க்கும்” என்று எழுதினேன். அச்சொல்லின் உள்ளே ஒரு விலக்கு ஒளிந்திருந்தது. தோட்டங்களிலும் துறைமுகங்களிலும் நகரசுத்திப் பணிகளிலும் உழைத்த இந்திய வம்சாவளியினர், இத்தீவே தமது நிரந்தர வாழ்விடம் என்பதை மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. நிரந்தரக் குடியிருப்புச் சான்றிதழ் பெறுவோர், இந்தியத் தொழிலாளர்க்கென இருந்த சிறப்புப் பாதுகாப்புகளைக் கைவிட வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. மெய்ப்பிக்கும் சுமை மனிதன்மேல். ஏற்பதும் மறுப்பதும் உத்தியோகத்தர் கையில். 1939ஆம் ஆண்டில் சுமார் 225,000 ஆக இருந்த இந்திய வாக்காளர் தொகை, 1943ஆம் ஆண்டில் சுமார் 168,000 ஆகக் குறைந்தது. அவ்வளவு பேர் நான்கு ஆண்டுகளில் மாண்டுபோகவுமில்லை, கப்பலேறிப் போய்விடவுமில்லை. சான்று கேட்ட முறை கடுமையாயிற்று, அவ்வளவே.

இவ்விடத்தில் வாசகர் பாக்கு நீரிணைக்கு அப்பால் ஒரு கணம் பார்த்தல் வேண்டும். 1948ஆம் ஆண்டில் இந்தியா தன் முதலாவது வாக்காளர் பட்டியலைத் தயாரிக்கத் தொடங்கியது. அரசியலமைப்பே இன்னும் நிறைவேறவில்லை. பிரிவினையால் வீடிழந்த அகதிகள் புகையிரத நிலையங்களிலும் முகாம்களிலும் கிடந்தனர். அவர்களிடம் என்ன சான்று இருக்க முடியும்? குறித்த ஊரில் நிலையாக வாழ எண்ணியுள்ளேன் என்று ஒருவர் கூறும் வெறும் வாக்குமூலத்தை ஏற்றுப் பெயரைப் பதியுமாறு அரசியலமைப்புச் சபையின் செயலகம் அறிவுறுத்தியது. எழுத்தறிவு மிகக் குறைந்த, பசியும் கலவரமும் சூழ்ந்த அந்நாட்டில், ஏறத்தாழ 17 கோடி 30 இலட்சம் பேரைக் கொண்ட பட்டியல் அப்படித்தான் எழுந்தது.

குறையில்லாத பட்டியலன்று அது. வட மாநிலங்களில் கணக்கெடுப்போர் வீட்டு வாசலில் நின்று கேட்டபோது, பல பெண்கள் தம் பெயரை அந்நியருக்குச் சொல்ல மறுத்தனர். இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றே எழுதிக்கொள்ளச் செய்தனர். முதலாவது தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென், பெயரில்லாத வாக்காளர் இருத்தல் ஆகாது என்றார். சுமார் 28 இலட்சம் பெண்கள் 1951–52ஆம் ஆண்டுத் தேர்தலுக்கு முன் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டனர். சென் செய்தது சரிதான் என்று பலர் எழுதியிருக்கின்றனர். அடுத்த தேர்தலுக்குள் பெரும்பாலோர் தம் பெயரோடு வந்து சேர்ந்தனர் என்றும் காட்டுகின்றனர். இருக்கலாம். ஆயினும் அந்த முதல் தேர்தல் நாளில் வாக்களிப்பு நிலையத்தின் வாயிலில் நின்று தன் பெயரைச் சொல்லத் துணிந்த ஒரு பெண்ணுக்கு, அன்றே அதனைப் பதியும் ஓர் ஏடு அங்கு இருந்திருந்தால் எவ்வளவு நன்றாயிருந்திருக்கும்!

அதே 1948ஆம் ஆண்டில் இலங்கை என்ன செய்தது? 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. அடுத்த ஆண்டில் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் வந்தது. அதே ஆண்டில் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம், பிரசையல்லாதார் பெயர் இடாப்பில் இடம்பெறலாகாது என்று விதித்தது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் ஏழு உறுப்பினரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய இலங்கை இந்தியன் காங்கிரஸ், 1952ஆம் ஆண்டில் ஒருவரைக்கூட அனுப்ப முடியவில்லை. வாக்காளர் கட்சி மாறிவிடவில்லை. வாக்காளரே இடாப்பில் இல்லாமற்போயினர்.

இந்தச் சட்டங்கள் நீதிமன்றத்துக்குப் போன கதையை நம் மாணவர்க்கு எவரும் சொல்வதில்லை. ஒரு பெயரை இடாப்பிற் சேர்க்கும் விண்ணப்பத்திலிருந்தே அந்த வழக்குப் பிறந்தது. ரூவன்வெலத் தொகுதியில் கோடக்கன் பிள்ளை என்பார் தம் பெயரைச் சேர்க்குமாறு கேட்டார். பதிவு அதிகாரி மறுத்தார். மீளாய்வு அதிகாரியான சிவஞானசுந்தரம் மேன்முறையீட்டைக் கேட்டு, சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவுக்கு அச்சட்டங்கள் முரணானவை எனக் கண்டு, பெயரைச் சேர்க்கப் பணித்தார். 1951ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் அக்கட்டளையைத் தள்ளியது. 1953ஆம் ஆண்டில் இலண்டன் கோமறைக் கழகமும் அவ்வாறே தீர்த்தது. ஒரு மனிதரின் பெயர் ஒரு தாளில் ஏறுமா ஏறாதா என்ற கேள்வி, பேரரசின் மிக உயர்ந்த நீதிபீடம் வரை சென்று, இல்லை என்ற விடையோடு திரும்பியது. அதன்பின் 1964ஆம் ஆண்டு அக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் 975,000 மனிதரைப் பங்கிட உடன்பட்டதும், நாடற்றோர்க்குப் பிரசாவுரிமை வழங்க 1988ஆம் ஆண்டிலும் 2003ஆம் ஆண்டிலும் சட்டங்கள் வந்ததும் பலரும் அறிந்தவை. ஒரே ஆண்டில் எடுத்த கணக்கைச் சரிசெய்ய ஐம்பத்தைந்து ஆண்டுகள் சென்றன.

திருகோணமலைக்கு இதில் என்ன பங்கு என்று கேட்கலாம். 1956ஆம் ஆண்டு ஆகஸ்டில் தமிழரசுக் கட்சியினர் கால்நடையாகத் திருமலைக்கு யாத்திரை வந்து கூடிய மாநாட்டின் நான்கு கோரிக்கைகளுள் ஒன்று, மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த சட்டங்களை நீக்குக என்பது. சமஷ்டியும் மொழியுரிமையும் குடியேற்றத்தை நிறுத்துதலும் ஏனைய மூன்று. இன்று அம்மாநாட்டை நினைவுகூர்வோர் அந்த மூன்றையே பேசுகின்றனர். நான்காவதை மறந்தமைக்குக் காரணம் உண்டென்று நான் கருதுகிறேன்: அது கூலி மக்களின் கோரிக்கை, நம் நடுத்தர வகுப்பின் வீட்டுக் கோரிக்கையன்று.

துறைமுக ஊர் என்பது வந்து போவோரின் ஊர். போர்க்காலத்தில் பிரித்தானியக் கடற்படையின் பெருந்தளமாக இது விளங்கியது. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்தன. தளத்தை நம்பித் தீவின் பல பாகங்களிலிருந்தும் கடல் கடந்தும் வந்த தொழிலாளர் கப்பற்றுறையிலும் சீனன்குடா எண்ணெய்க் குதங்களிலும் வேலை செய்தனர். 1957ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. அது நாட்டின் தன்மானத்துக்கு வெற்றி. தளத்தின் கூலியையே நம்பியிருந்தவர்க்கு அடுப்பெரியாத காலம். வேலை போனவன் வீட்டை விட்டான். வீட்டை விட்டவன் முகவரியை இழந்தான். இடாப்பு முகவரியை வைத்தே எழுதப்படுகிறது.

இன்றும் தென்மேல் பருவக்காற்று வீசும் மாதங்களில் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர் இக்கரைக்கு வந்து வாடி அமைத்துத் தொழில் செய்வர். மேற்குக் கடல் அப்போது கொந்தளிக்கும். நெடுங்காலமாக இடாப்பு மீளாய்வின் தகுதித் திகதி யூன் முதலாம் நாளாக இருந்தது. கச்சேரியில் இருந்து திகதி குறித்தவர் எவராயினும், கடற்கரையைக் கண்டவராக இருந்திரார். 1980ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கத் தேருநர் பதிவுச் சட்டத்துக்கு 2021ஆம் ஆண்டில் திருத்தம் வந்த பின்னர் அத்திகதி பெப்ரவரி முதலாம் நாளுக்கு மாறியது. அதன்பின் பதினெட்டு வயது நிரம்புவோரை அவ்வாண்டிலேயே குறைநிரப்புப் பட்டியல் மூலம் சேர்க்கவும் வழி பிறந்தது. இது நல்ல திருத்தம். வாக்களிக்கும் வயதைப் பதினெட்டாக்கிய சட்டம் 1959ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. ஆனால் பிறந்த திகதி ஒரு சில நாள் பிந்தியமையால் தேர்தலைத் தவறவிட்ட இளைஞர் எத்தனை பேர் என் வகுப்பறைகளிலிருந்தே வெளியேறியிருப்பர்! எனினும் குறைநிரப்புப் பட்டியல் வயது வந்தோருக்குரியது. வீடு மாறியோருக்கும் விடுபட்டோருக்கும் அது உதவுவதில்லை.

போர் நடந்த ஆண்டுகளைப் பற்றி விரிவாக எழுத இங்கு இடமில்லை. 1985ஆம் ஆண்டிலும் 1990ஆம் ஆண்டிலும் இம்மாவட்டத்தின் ஊர்கள் எரிந்தன. பலர் வள்ளமேறி இராமேசுவரம் சென்றனர். தமிழ்நாட்டு முகாம்களில் இன்னும் வாழ்வோருக்கு இங்கும் வாக்கில்லை, அங்கும் வாக்கில்லை. 2006ஆம் ஆண்டில் மூதூர் கிழக்கும் சம்பூரும் வெறுமையாயின. சம்பூர் மக்கள் மட்டக்களப்புக்கும், பின்னர் கிளிவெட்டி முகாம்களுக்கும் அலைந்தனர். அவர்களுடைய காணியில் 818 ஏக்கரை விடுவிக்கும் கட்டளை 2015ஆம் ஆண்டிலேதான் வந்தது. இடம்பெயர்ந்தோர் தம் பழைய ஊரின் இடாப்பிலேயே பதிவதற்குச் சிறப்பேற்பாட்டுச் சட்டமொன்று 2013ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அதற்குள் ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது.

பெயர் இருந்தும் வாக்களிக்க முடியாத நிலையும் உண்டு. 2001ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள், வன்னியிலும் மட்டக்களப்பிலும் இராணுவக் கட்டுப்பாட்டுக்கு அப்பாலிருந்த வாக்காளர்கள் சோதனைச் சாவடிகளில் தடுக்கப்பட்டனர். தவநீதன் என்பாரும் ஏனையோரும் தொடுத்த வழக்கில், அது அடிப்படை உரிமை மீறல் என உயர் நீதிமன்றம் 2003ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. வாக்களிப்பும் கருத்து வெளிப்பாட்டின் ஒரு வடிவமே என்ற கொள்கையை, 1999ஆம் ஆண்டின் கருணாதிலக வழக்கில் நீதியரசர் மார்க் பெர்னாண்டோ நிலைநாட்டியிருந்தார். இக்கொள்கையை மெய்யாகவே ஏற்போமாயின், சாவடியில் துப்பாக்கி தடுப்பதற்கும் இடாப்பில் எழுதாமை தடுப்பதற்கும் உள்ள வேறுபாடு என்ன என்ற வினா எழும்.

ஆசிரியன் என்ற முறையில் நான் அறிந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். நம் நாட்டில் வாக்காளர் இடாப்பு வாக்குக்கு மட்டும் உரியதன்று. முதலாம் வகுப்பில் பிள்ளையைச் சேர்க்கும்போது பெற்றோரின் வதிவிடத்தை மெய்ப்பிக்க, முந்திய ஆண்டுகளின் இடாப்புப் பிரதிகளே கேட்கப்படுகின்றன. ஆண்டுக்கு ஆண்டு புள்ளி உண்டு. ஆகவே வீட்டுக்காரர் ஒரு படிவத்தில் ஒரு பெயரை எழுதாமல் விடும்போது தாய் வாக்கை இழக்கிறாள்; பிள்ளை அருகிலுள்ள பாடசாலையை இழக்கிறது. சொந்த வீடுள்ளவன் தான் வாடகைக்கு வைத்திருப்பவனின் குடியுரிமையைத் தன் பேனாமுனையில் வைத்திருக்கிறான். 1931ஆம் ஆண்டில் சொத்துத் தகுதியை ஒழித்துவிட்டோம் என்று பாடநூலில் எழுதிக் கற்பிக்கிறோம்.

தேர்தல் நாளிலேயே பதிவு என்பதை உடனே நம் நாட்டிற் கொண்டுவரலாமா? இதில் எனக்குத் தயக்கம் உண்டு, அதனை மறைப்பதற்கில்லை. கள்ள வாக்கு நம் தேர்தல்களுக்குப் புதிதன்று. அடையாள அட்டை கட்டாயம் என்ற சட்டம் 2004ஆம் ஆண்டில் வந்ததற்கு அதுவே காரணம். அன்றியும் இம்மாவட்டத்துக்கே உரிய ஓர் அச்சம் இருக்கிறது. 1921ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவாக இருந்த சிங்கள மக்கள், 1981ஆம் ஆண்டில் மூன்றில் ஒரு பங்காயினர். கந்தளாய், அல்லைக் குடியேற்றத் திட்டங்களின் விளைவு அது. சேருவில என்ற புதிய தொகுதியும் எழுந்தது. குடியேறிய விவசாயியும் நிலமற்ற ஏழையே. அவன்மேல் எனக்குப் பகையில்லை. ஆயின் வாக்கை மனத்திற்கொண்டு மனிதரை இடம்பெயர்த்த அரசுகளை இம்மாவட்டம் கண்டிருக்கிறது. தேர்தலன்று காலையில் பேருந்துகளில் ஆட்களை இறக்கிப் பதிந்துவிட்டால் என் செய்வது என்று தமிழரும் முஸ்லிம்களும் கேட்பது வீண் கேள்வியன்று. பல கிராமங்களில் இதே கேள்வியை, நம்மைப் பார்த்து, சிங்களவரும் கேட்பர்.

அதற்கு விடை இல்லாமலும் இல்லை. தபால் வாக்கை நாம் எவ்வாறு கையாளுகிறோம்? அடையாளப் பத்திரம் வெளியுறையில், வாக்குச்சீட்டு உள்ளுறையில். பத்திரம் சரிபார்க்கப்பட்ட பின்னரே உள்ளுறை பெட்டிக்குச் செல்கிறது. அன்றைய பதிவாளரின் வாக்கையும் அவ்வாறே உறையிலிட்டு, அடையாள அட்டை இலக்கத்தை நாடு தழுவிய இடாப்போடு ஒப்பிட்டு, வேறெங்கும் பெயரில்லை என்பதும் அவ்வூரிலேயே வாழ்பவர் என்பதும் உறுதியான பின் எண்ணலாம். கிராம அலுவலரின் சாட்சியையும் பதிவுபெற்ற அயலவர் இருவரின் சாட்சியையும் கேட்கலாம். ஒரு கோடியே எழுபத்தொரு இலட்சத்துக்கு மேற்பட்ட பெயர்களைக் கணினியில் வைத்திருக்கும் நாட்டுக்கு இந்த ஒப்பீடு இயலாத காரியமன்று. எண்ணிக்கை ஒருநாள் தாமதிக்கும். தாமதிக்கட்டும். முதலில் ஒரு மாவட்டத்தில், பிரதேச சபைத் தேர்தலொன்றில் இதனைச் செய்து பார்க்கலாம். அந்த மாவட்டம் திருகோணமலையாக இருக்கட்டும் என்று நான் கேட்பேன். மூன்று இனத்தவரும் ஒருவரையொருவர் ஐயுறும் இடத்தில் நின்று பிடிக்கும் முறை வேறெங்கும் நின்று பிடிக்கும்.

இதற்கெல்லாம் முன்பாக, இன்றே செய்யக்கூடிய சிறு காரியம் ஒன்றுண்டு. வீட்டுக்காரரின் கையொப்பத்தில் தங்கியிராமல், வாடகைக்காரர் தாமே தம் வதிவிடத்தை எழுதிக் கொடுக்கும் விண்ணப்பம் எளிதாக ஏற்கப்படல் வேண்டும். நீக்கும் பெயர்களும் சேர்க்கும் பெயர்களும் பார்வைக்கு வைக்கப்படும் நாட்களில், பாடசாலைகளில் ஆசிரியர் சிலர் உட்கார்ந்து மாணவரின் பெற்றோருக்குத் தேடிக்கொடுக்கலாம். சம்பளம் வேண்டாம், ஒரு மேசையும் இரண்டு மாலைப்பொழுதுகளும் போதும்.

அன்று மாலை 4 மணிக்குப் பின், வழக்கம்போல் கணக்கு எழுதினோம். பெற்றுக்கொண்ட வாக்குச்சீட்டுகள் எத்தனை, வழங்கியவை எத்தனை, பழுதடைந்தவை எத்தனை, எஞ்சியவை எத்தனை என்று ஒவ்வொன்றும் நிரலில் ஏறியது. கூட்டுத்தொகை சரியாக வந்தது. தலைமை அதிகாரி கையொப்பமிட்டு உறையை முத்திரையிட்டார். திரும்பிச் சென்றவர் எத்தனை பேர் என்று எழுத அந்தப் படிவத்தில் நிரல் இல்லை.